இரண்டாவது இழுப்பு

போன லீவுக்கு நாங்கள் வீட்டுக்குப் போனபோது அப்பப்பாவின் மொரிஸ் மைனர் ஷெட்டுக்குள்ளேயே நின்றது. கல்யாண வீட்டால் திரும்பி வரேக்க, கொடிகாமம் தாண்டின இருட்டில் ஹெட்லைற் இரண்டும் ஒரேயடியாக அணைந்துவிட்டதாம். "இனி வித்துப்போடுவம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பப்பா ஒன்றும் கதைக்கவில்லை.

நாங்கள் அக்காவும் தங்கச்சியும் கலைப்பீடம். வயரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் 1958ஆம் ஆண்டுக் காரில் கம்பியூட்டர் எதுவும் இல்லை. ஹெட்லைற்றுக்குப் போகிற மின்சாரம் முழுக்க டாஷ்போர்ட் சுவிச்சுக்குள்ளால்தான் போகும். இடையில் ரிலேயும் இல்லை, ஃபியூசும் இல்லை. பஞ்சிகாவத்தையில் இருந்து ஒரு சுவிச் எடுப்பித்தோம்.

முதலில் பற்றரி வயரைக் கழற்றினோம். ஏனென்றால் சுவிச்சுக்கு வருகிற மண்ணிற வயரில் சாவி போடாவிட்டாலும் மின் இருக்கும். குமிழின் கழுத்தில் இருந்த சின்ன ஊசியை ஆணியால் அமத்தினதும் குமிழ் கையோடு வந்தது. முன்பக்க நட்டைக் குறட்டால் கழற்றி, சுவிச்சைப் பின்னால் இறக்கினோம். சிவப்பு வயர் பார்க் லைற்றுக்கு. நீல வயர் காலடியில் இருக்கிற டிம் சுவிச்சுக்கு. அந்த நீல வயர்தான் கருகிக் கிடந்தது. நடுவில் வெட்டி, பிறகு கையால் முறுக்கி, சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தான்."

தொண்ணூறுகளில் கார் மண்ணெண்ணெயில் ஓடின காலம். ஹெலிக்குப் பயந்து பார்க் லைற்றோடு மட்டும்தான் இரவில் ஓடுவாராம். முதல் இழுப்புக்குப் பார்க் லைற், இரண்டாவது இழுப்புக்கு ஹெட்லைற். ஒரு நாள் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போகேக்க, கை தவறி இரண்டாவதும் இழுபட்டு ரோட்டெல்லாம் வெளிச்சம். அடுத்த நாள் காலமையே வயரை வெட்டிவிட்டார். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் திரும்ப முறுக்கினாராம். இறுக்கமில்லாத அந்த முறுக்குத்தான் இவ்வளவு காலமும் சூடாகிச் சூடாகி சுவிச்சையும் எரித்திருக்கிறது.

இடப்பெயர்வு பற்றி நாங்கள் இரண்டு பேரும் அசைன்மென்ட் எழுதியிருக்கிறோம். ஆனால் அப்பப்பா ஏன் எப்பவும் ஆறு மணிக்கு முன்னம் வீடு வந்துவிடுகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கருகின துண்டை வெட்டி எறிந்து, புது வயர் போட்டு, ஈயம் பற்றவைத்தோம். புதுச் சுவிச்சில் பழைய குமிழையே மாட்டினோம். "அப்பப்பா, நீங்கள் இழுங்கோ" என்றோம்.

முதல் இழுப்போடு கை நின்றுவிட்டது.

"மற்றதையும் இழுங்கோ."

கொஞ்சம் பொறுத்து இழுத்தார். பக்கத்து வீட்டு மதில் முழுக்க வெளிச்சம். அப்பாவும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"காணும் பிள்ளையள், பற்றரி இறங்கிப்போடும்" என்று உடனே தள்ளிவிட்டார்.

காரை விற்கிற கதையை இப்போதைக்கு ஒருவரும் எடுக்கவில்லை.