வாடகை சைக்கிளில் கல்வராயன் அடிவாரம் வரை

“அக்கா, நான் தனியா ஊர் சுத்திட்டு வந்தேன். அதுவும் சைக்கிள்ல!”

ஆம்ஸ்டர்டாமிலிருந்து என் தங்கை போனில் இப்படிச் சொன்னபோது, அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மகன் அங்கே வேலை பார்க்கிறான் என்று இரண்டு மாதம் தங்கப் போயிருந்தாள். பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. எத்தனை நாள்தான் ஜன்னல் வழியாகவே ஊரைப் பார்ப்பது? ஒருநாள் துணிந்து கடைக்குப் போய் நாள் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, கால்வாய்க் கரைகளையெல்லாம் சுற்றியிருக்கிறாள். அந்த சைக்கிளில் கைப்பிரேக் கிடையாதாம். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்குமாம். அது தெரியாமல் முதல் திருப்பத்திலேயே ஒரு வீட்டுப் பூந்தொட்டியில் மோதித்தான் நின்றாளாம்.

“யாரும் சிரிக்கலைக்கா. சைக்கிள்ல வந்த ஒரு பாட்டிதான் இறங்கி, எப்படி நிறுத்தறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. எழுபது வயசுக்குக் குறையாது!”

அந்த நாட்டில் இது தானாக வந்த வசதி என்று நினைத்துவிடாதீர்கள். 1971-ல் மட்டும் நெதர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று தாய்மார்களும் தகப்பன்மார்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் பெருகின. இன்று அங்கே ஜனத்தொகையைவிட சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம்!

தங்கை போனை வைத்த பிறகு எனக்கு ஒரே ஏக்கம். ஆம்ஸ்டர்டாம் போக முடியவில்லையே என்று அல்ல. கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. மழை விட்ட காலையில் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மேற்கே நீலமாகத் தெரியும் கல்வராயன் மலை. “ஒருநாள் போகலாம், ஒருநாள் போகலாம்” என்று சொல்லியே இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணமும் பண்ணியாகிவிட்டது. அந்த ஒருநாள் மட்டும் வரவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து இங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு, வெளியூர்க் கல்யாணத்தில் யாராவது “எந்த ஊர்?” என்று கேட்டு, நான் “கள்ளக்குறிச்சி” என்று சொன்னால், “ஓ... அந்த ஊரா?” என்கிறார்கள். ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் பதில் சொல்ல, அந்த ஊரை நானே சரியாகப் பார்த்திருக்க வேண்டுமே!

“தங்கச்சி அங்க சுத்தறா. நான் கோமுகி அணை வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வரப் போறேன்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“பதினாறு கிலோமீட்டர்! உனக்கென்ன பைத்தியமா? ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“கார்ல போனா நீங்க நிறுத்தற இடத்தைத்தான் நான் பார்க்க முடியும். எனக்கு நான் நிறுத்தற இடத்தைப் பார்க்கணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு தூங்கப் போகும்போது மட்டும், “போன்ல சார்ஜ் இருக்கா பாரு” என்றார். அதுதான் சம்மதம்!

சைக்கிள் எங்கே கிடைக்கும்? எங்கள் சிறுவயதில் தெருவுக்குத் தெரு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. பன்னிரண்டு வயதில் நான் காசோடு போய் நின்றபோது கடைக்காரர், “பொம்பளப் புள்ளைக்குத் தரமாட்டேன். விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது அந்த மாதிரிக் கடைகள் மறைந்துவிட்டன. பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டதில், பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்றை நாள் வாடகைக்குத் தரச் சம்மதித்தார். நோட்டை எடுத்து, “சார் பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்” என்றார்.

“ஓட்டப் போறது நான்தாங்க. என் பேரையே எழுதுங்க.”

சிரித்துக்கொண்டே எழுதினார். கூடவே சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

தை மாதம். காலை ஆறு மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் பால் வாங்க வந்தவர்கள் பார்த்த பார்வையில் எனக்குக் கை நடுங்கி, முதல் ஐந்து நிமிஷம் வண்டி கோணல் மாணலாகத்தான் போயிற்று. கச்சிராயபாளையம் சாலைக்கு வந்த பிறகு உடம்பு பழசையெல்லாம் நினைவுக்குக் கொண்டு வந்துவிட்டது. நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எத்தனையோ முறை பஸ்ஸில் போன சாலைதான். ஆனால் ஒரு மரச்சிற்பப் பட்டறையில் உளி தட்டும் ஓசையை அன்றுதான் கேட்டேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் வீட்டுப் பூஜையறைக் கதவே இங்கே செதுக்கியதுதான். செய்யும் கையை அன்றுதான் நின்று பார்த்தேன். வாகை மரத்தில் ஒரு பிள்ளையார் பாதி உருவாகியிருந்தார், தும்பிக்கை மட்டும் பாக்கி!

ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரும்பு, மரவள்ளி, நெல். வெட்டிய கரும்பின் வாசனை பஸ் ஜன்னலில் வருவதுபோல வந்து போகாமல் கூடவே வந்தது. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரைவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகும். அவை முந்தும்போதெல்லாம் நான் இறங்கி ஓரமாக நின்றுவிடுவேன். அதில் கௌரவம் பார்க்கவில்லை.

பாதி வழியில் செயின் கழன்றது. கை முழுக்கக் கிரீஸோடு நான் திண்டாடுவதைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் நின்றாள். அவளுடையது அரசு கொடுத்த சைக்கிள். ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலை முடிந்தது.

“தினமும் எவ்வளவு தூரம்மா போற?”

“நாலு கிலோமீட்டர் ஆன்ட்டி. சைக்கிள் இல்லாட்டி என்னைப் பத்தாவதோட நிறுத்தியிருப்பாங்க.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் வெகுதூரம் அதே நினைவு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றாயிற்று. ஐரோப்பாவில் சைக்கிள் உல்லாசம் என்றால், நம் பெண்களுக்கு அது கால் முளைத்த மாதிரி.

எட்டே கால் மணிக்குக் கச்சிராயபாளையம். இரண்டு இட்லி, ஒரு டீ. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோமுகி அணை. 1960-களில் கட்டியது, 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். கரையில் ஏறி நின்றதும் எதிரே கல்வராயன் மலை! மாடியிலிருந்து நீலக்கோடாகத் தெரிந்தது, இப்போது மரம் மரமாகத் தெரிந்தது. எங்கள் ஊர் வழியாக ஓடும் கோமுகி ஆறு இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. குழந்தை மாதிரி அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாததால் தாராளமாக அழுதேன்.

மலை மேல் சைக்கிள் ஏறாது. கியர் இல்லாத வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளில் முயற்சி செய்வது வீரமல்ல, அசட்டுத்தனம். டீக்கடையில் சைக்கிளைப் பூட்டி, சொல்லி வைத்துவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு மலைவாழ் பெண்மணி, மடியில் துணி மூட்டை. இங்குள்ள மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

“எந்த ஊரும்மா?”

“கள்ளக்குறிச்சிதான். இப்பத்தான் முதல் தடவையா மேல வர்றேன்.”

“அடியாத்தே! கூப்புடு தூரத்துல இருந்துக்கிட்டு இப்பத்தானா?” என்று சிரித்தார். பிறகு தானாகவே பேசினார். “என் மூத்தவனுக்கு வலி எடுத்தப்ப டோலி கட்டித்தான் தூக்கியாந்தாங்க. பாதி எறக்கத்துலயே பொறந்துட்டான். இப்ப ரோடு இருக்கு. உள்ளாற இருக்கற ஊருங்களுக்கு இன்னமும் நடைதான்.” சற்று நேரம் வெளியே பார்த்தபடி இருந்துவிட்டு, “சாராய மலைன்னு பேரு வச்சுட்டாங்க. நாங்க சாமை போடறோம், கேவுரு போடறோம், புளி உலுப்பறோம். அத யாரு சொல்றா?” என்றார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. “ஓ... அந்த ஊரா?” என்று என்னிடம் கேட்கிறார்கள் என்றுதானே மனத்தாங்கல் பட்டேன்! இந்த மலையைப் பற்றி நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்!

1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. விடுதலைக்குப் பின் இத்தனை வருஷம் கழித்துத்தான் அந்த முறை ஒழிந்தது. 2024-ல் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. பின்தங்கியதற்குக் காரணம் மக்கள் மட்டும் அல்லவே!

கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி வரை உயரமுள்ள மலை. வெயில் ஏறியும் காற்றில் குளிர் இருந்தது. வெள்ளிமலையில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். இரண்டு கிலோ சாமையும் கொஞ்சம் கடுக்காயும் வாங்கினேன். மேகம் அருவிக்கு நடை அதிகம், தனியாகப் போக வேண்டாம் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். கரியாலூர் படகுத்துறையையும் அடுத்த முறைக்கு வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கினேன்.

மாலை ஐந்தரைக்குக் கடையில் சைக்கிளை விட்டேன். தொடை இரண்டும் கெஞ்சின. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: “அடுத்த வாரம் ரெண்டு சைக்கிள் கிடைக்குமா?”

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

முதலில் ஒரு வாரம் தெருவிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி நிச்சயம். மூட்டுத் தேய்மானம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் நெடுந்தூரம் போக வேண்டாம்.

துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிந்துகொள்ளுங்கள். புடவை என்றால் முந்தானையை இடுப்பில் செருகுங்கள். சக்கரத்தில் துணி சுற்றிக் கழுத்து இறுகும் விபத்துகள் நடந்திருக்கின்றன. குழந்தையைப் பின்னால் உட்கார வைப்பதானால் சக்கரத்துக்கு இருபுறமும் வலை போடச் சொல்லுங்கள். கம்பிக்குள் பிஞ்சுக் குதிகால் சிக்கினால் காயம் ஆற வெகுநாளாகும்.

சாமையைக் களைந்து அரைமணி ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்தால் உதிரியாக வரும். தயிர் சாதத்துக்கு அருமை. கடுக்காயைக் கொட்டை நீக்கித்தான் பொடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

“மலையெல்லாம் வேண்டாம், எனக்கு ஐரோப்பா மாதிரி ஊர்தான் வேண்டும்” என்பவர்களுக்குப் புதுச்சேரி இருக்கவே இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கடற்கரைப் பக்கத்து வீதிகள் கோடு போட்டதுபோல நேராக ஓடும், வழி தவறாது. சைக்கிளும் அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் சீக்கிரம் எழுந்தால், மோட்டார் வண்டிகளைத் திறந்துவிடும் முன்பே கடற்கரைச் சாலையைப் பார்த்துவிடலாம்.

எந்த ஊரானாலும் சரி, ஒரே ஒரு முறையாவது நீங்கள் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்று பாருங்கள். தங்கைக்கு அன்றிரவே போன் செய்து சொல்லிவிட்டேன்: “நீ அங்கிருந்து வந்ததும் உன்னை நான் ஊர் சுத்திக் காட்டறேன்!”