வெளிமானின் வீடு

கல்வராயன் மலையடிவாரத்துக் குடும்பங்கள் சிலவற்றுடன் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் சென்றிருந்தேன். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் முதியவர் ஒருவர், "சாமி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று; கோடியக்கரை மானையும் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றார். எங்கள் வேன் தெற்கே திரும்பியது.

வேதாரண்யத்து உப்பளங்களைக் கடந்து சரணாலயத்தை அடைந்தோம். மரங்களடர்ந்த பகுதியைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்தரை. மலைக்காட்டைக் கண்டே பழகிய அம்முதியவருக்கு ஏமாற்றம். "வெறும் பொட்டலாக இருக்கிறதே, சாமி! இதில் மான் எங்கே ஒளிந்துகொள்ளும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் தொலைவில் ஒரு கூட்டம் தலைநிமிர்ந்தது. பெண்மான்கள் இளம்பழுப்பு, நடுவே கருமேனியும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்புகளுமாக ஓர் ஆண்மான். நாங்கள் சற்றே நெருங்கியதும் துள்ளித் துள்ளிப் பறந்துவிட்டன.

முதியவரின் கேள்விக்கு விடை அதுதான். வெளிமான் ஒளிவதில்லை. கூரிய கண்ணும் விரைந்த காலுமே அதற்கு அரண். பகைவனைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதற்கு அதற்குத் திறந்த வெளி வேண்டும். நம் முன்னோர் இட்ட பெயரிலேயே அதன் வீடும் அடங்கியிருக்கிறது. மான் என்று அழைத்தாலும் அது ஆடுமாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானைப்போல் கொம்பை உதிர்ப்பதில்லை.

வேட்டையால் அருகிப்போன இவ்வினத்தைக் காக்கவே 1967-இல் இச்சரணாலயம் அமைந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையை அடியோடு தடுத்தது. ஆயினும் துப்பாக்கி ஓய்ந்தபின் வேறு துன்பங்கள் வந்தன. சீமைக் கருவேல் புல்வெளிக்குள் புகுந்தது. அதன் காய்களைத் தின்னும் விலங்குகளே விதையையும் பரப்புகின்றன. காட்டுக் குதிரைகளும் அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலிலும் மான்கள் மடிந்தன. வனத்துறையினர் கருவேலை அகற்றி வருகின்றனர். அதுவோ வெட்ட வெட்டத் தழைப்பது.

நம்பிக்கை இழக்க வேண்டுமா? மத்திய ஆசியப் புல்வெளிகளில், புடைத்த மூக்குடைய சைகா என்ற மானினம் உண்டு. கொம்புக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பை எட்டியது. 2015-இல் கசகஸ்தானில் சில வாரங்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை நோயால் மாண்டன. ஆனால் அந்நாடு கள்ளவேட்டையை ஒடுக்கி, பரந்த புல்வெளிகளைக் காப்பிடங்களாக்கியது. 2023-இல் அங்கே சைகாக்களின் தொகை பத்தொன்பது இலட்சத்தை எட்டியது. சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். நம் வெளிமானுக்கோ ஒன்றுதான். ஆகவே நாம் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் வழியெல்லாம் முதியவர் பேசவில்லை. ஊர் நெருங்கியபோது மெல்லக் கேட்டார்: "நம் இளைஞர்கள் மேய்க்கால் தரை முழுவதும் மரம் நடப்போகிறார்களே, அது சரிதானா சாமி?"

நான் திகைத்தேன். அத்திட்டத்தைத் தூண்டியவனே நான்தான்! மரமில்லா நிலம் வீண் நிலம் என்றே எண்ணியிருந்தேன். அங்கே காடையும் கௌதாரியும் முயலும் வாழ்வதையும், நம் ஆடுமாடுகள் மேய்வதையும் மறந்துபோனேன். மறுவாரமே இளைஞர்களுடன் அமர்ந்து பேசினோம். கன்றுகளைச் சாலையோரத்திலும் வீட்டுக் கொல்லைகளிலும் நட்டோம். மேய்க்காலில் முளைத்திருந்த சீமைக் கருவேலை மட்டும் வேரோடு பிடுங்கினோம்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு புல்தரை இருக்கக்கூடும். அதைத் தரிசு என்று சொல்லுமுன், அது யாருடைய வீடு என்று ஒரு நாழிகை நின்று பாருங்கள்.