ஒகினாவா: ஒரு நாள், ரெண்டு பேர், ஏகப்பட்ட பேர்கள்

2023 நவம்பர்ல ரங்ஸுக்கு நாஹாவில் மூணு நாள் ஆபீஸ் வேலை. நானும் ஒட்டிக்கிட்டேன். நாலாவது நாள் சனிக்கிழமை, ஊர் சுத்த அந்த ஒரு நாள்தான். "எங்கே போகணும்னு நீயே சொல்லு"ன்னு பெருந்தன்மையா விட்டுக் கொடுத்தார். வடக்கே சுராஉமி மீன்காட்சி சாலையில் திமிங்கிலச் சுறா பார்க்கணும்னேன். "அது பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நாம தெற்கே போவோம்"னுட்டார். எல்லா வீட்டிலேயும் நடக்கிறதுதானே :-)

டோக்கியோவில் ஸ்வெட்டரோடு கிளம்பினவ, இங்கே காட்டன் சுடிதாரில் திரிஞ்சேன். வெயில், செம்பருத்தி, கரும்புன்னு நம்ம ஊர் சாயல் நிறையவே இருக்கு. 1879 வரைக்கும் இது ரியூக்யூன்னு தனி ராஜ்ஜியம். 1945 போருக்கு அப்புறம் அமெரிக்கா கையில் இருந்து, 1972 மே 15 அன்னிக்குத்தான் ஜப்பானுக்குத் திரும்ப வந்தது. அதுக்கப்புறமும் ஆறு வருஷம் ரோட்டில் வலது பக்கமாத்தான் வண்டி ஓட்டியிருக்காங்க. 1978 ஜூலை 30 அன்னிக்கு ஒரே ராத்திரியில் தீவு முழுக்க இடது பக்கமா மாத்தினாங்களாம். நம்ம ஊர் ஒருவழிப் பாதை மாத்தங்களை நினைச்சுக்கிட்டேன்.

காலையில் மோனோரயில் பிடிச்சு ஷுரி கோட்டை. முதல் வாசல் ஷுரெய்மோன். இதோட படம் போட்ட 2000 யென் நோட்டு ஒண்ணு உண்டு. 2000-ம் வருஷம் ஜி8 மாநாடு இங்கே நடந்தப்போ வெளியிட்டது. ரங்ஸ் நோட்டைத் தூக்கிப் பிடிச்சு, வாசலையும் நோட்டையும் சேர்த்து ஒரு க்ளிக். பக்கத்தில் இருந்த இன்னொரு ஜோடியும் அதையே செஞ்சுக்கிட்டிருந்தாங்க!

உள்ளே போனா அரண்மனை இல்லை. 2019 அக்டோபர் 31 விடிகாலையில் தீப்பிடிச்சு முக்கியமான மண்டபமெல்லாம் எரிஞ்சு போச்சு. 1453, 1660, 1709, 1945-னு ஏற்கெனவே நாலு தடவை அழிஞ்ச இடம், இது அஞ்சாவது. பெரிய கொட்டகை போட்டு உள்ளே மரத்தூண் நிறுத்திக்கிட்டிருந்தாங்க. அதை மறைக்காம, ஜனங்க பார்க்கிறதுக்குன்னே கண்ணாடி வச்சு வழி விட்டிருந்தாங்க. கல்லில் செதுக்கின ரெண்டு டிராகன் தூண் மட்டும் அந்தத் தீயையும் தாங்கி நின்னிருக்கு. எரிஞ்சு விழுந்த சிவப்பு ஓடுகளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஊர் ஜனங்களே வந்து உட்கார்ந்து சுரண்டிக் கொடுத்தாங்களாம், திரும்ப உபயோகப்படட்டும்னு. முழு அரண்மனையைப் பார்த்திருந்தா நாலு போட்டோ எடுத்துட்டு வந்திருப்போம். இங்கே ஒரு மணி நேரம் நின்னுட்டோம்.

மதியம் மகிஷி மார்க்கெட். கறிக்கடையில் பன்றி முகம் அப்படியே சிரிச்ச மாதிரி தொங்குது. நான் அந்தப் பக்கம் திரும்பாம நடந்தேன். பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டி கடை. கோயா சம்புரூன்னா வேற ஒண்ணுமில்லை மக்கா, நம்ம பாகற்காய்ப் பொரியல்தான். பன்றிக்கறி வேண்டாம்னதும் டோஃபு, முட்டை மட்டும் போட்டு வதக்கிக் கொடுத்தாங்க. கசப்பு அளவா இருந்தது. வீட்டில் பாகற்காயைத் தொடாத ரங்ஸ் இங்கே தட்டை வழிச்சுச் சாப்பிட்டார். நான் ஒண்ணும் சொல்லலையே! பின்னாடியே சாத்தா அண்டாகி. எண்ணெயில் பொரிச்ச இனிப்புப் போண்டா, ரெண்டு தின்னா ராத்திரி வரைக்கும் தாங்கும். கருப்புச் சர்க்கரைன்னு விக்கிறது கரும்பு வெல்லமேதான். வாயில் போட்டா பொங்கல் ஞாபகம்.

இடோமானில் பஸ் மாறி மபூனி போய்ச் சேர மூணு மணி ஆயிருச்சு. வழி முழுக்கக் கரும்புக் காடு. ஓட்டுக் கூரை மேல ஷீசா சிங்கங்கள். ஜோடியா வச்சா ஒண்ணு வாயைத் திறந்திருக்கும், இன்னொண்ணு மூடியிருக்கும். திறந்த வாய் கெட்டதை விரட்டுமாம், மூடின வாய் நல்லதைப் பிடிச்சு வச்சுக்குமாம். "நம்ம ரெண்டு பேர் மாதிரி"ன்னார். எது யார்னு நான் கேட்கலை.

மபூனியில் கடலைப் பார்த்த மேடு. 1945 ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஒகினாவா சண்டை, ஜூன்ல இங்கேதான் முடிஞ்சது. அங்கே கருப்புக் கல் பலகைகளை மடக்குத் தட்டி மாதிரி வரிசை வரிசையா நிறுத்தி, செத்தவங்க பேரையெல்லாம் வெட்டியிருக்காங்க. 1995 ஜூன் 23-ல் திறந்தது. நாங்க போனப்போ 2 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல பேர் இருந்தது. தீவுக்காரங்க, மத்த ஜப்பானியர், கொரியர், தைவான்காரங்க மட்டுமில்லை. எதிரியா வந்த அமெரிக்கர் 14,000-க்கு மேல, ஆங்கிலேயர் 82 பேர். புதுசா தெரிய வர்ற பேரை வருஷா வருஷம் சேர்க்கிறாங்க.

ரங்ஸுக்குக் கொஞ்சம் காஞ்சி எழுத்துப் படிக்கத் தெரியும். விரலால் தொட்டுக்கிட்டே போனவர் ஓரிடத்தில் நின்னுட்டார். "இதில் பேரே இல்லை. இன்னாரோட குழந்தைன்னு மட்டும் போட்டிருக்கு"ன்னார். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே செத்ததோ, பேர் சொல்ல வீட்டில் ஆள் மிஞ்சலையோ. அப்படியும் அதுக்குக் கல்லில் ஒரு இடம் விட்டிருக்காங்க.

அப்புறம்தான் தெற்கே வந்த காரணத்தைச் சொன்னார். அவங்க தாத்தாவோட தம்பி ரப்பர் தோட்டத்து வேலைக்கு மலேயா போனவர். ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போய் சயாம் ரயில் பாதை போட வச்சான், திரும்பி வரலைங்கிறது வரைக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பாதையில் தோட்டத்துத் தமிழங்க பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் போனாங்க. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தனித்தனிக் கல்லறை, பேரோட இருக்கு. நம்மாளுங்களுக்கு அப்படி இல்லை.

"எங்க வீட்டில் அவரை மலேயா தாத்தான்னுதான் சொல்லுவாங்க. அவர் பேர் என்னன்னு எனக்கே தெரியாது. அதே சண்டையில செத்தவங்களுக்கு இங்கே எப்படிப் பேர் எழுதி வச்சிருக்காங்கன்னு பார்க்கணும்னு தோணிச்சு"ன்னார்.

நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன சொல்றது? பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வந்து நின்னாங்க. கீழே கடல் நல்ல நீலமா இருந்தது. கடைசி பஸ் போயிடும்னு கிளம்பினோம்.

ரூமுக்கு வந்ததும், நம்ம ஊரில் மணி நாலரை இருக்கும்னு, ரங்ஸ் அவங்க அத்தைக்குப் போன் போட்டார். "மலேயா சித்தப்பா பேரா? எதுக்குடா இப்போ? நாங்க சித்தப்பான்னுதானே கூப்பிட்டோம்"னாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கும். பரண்ல பெட்டி இருக்கு. ஆளை ஏத்திப் பார்த்துச் சொல்றேன்"னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பழுப்பேறின முத்திரைத்தாள், பூச்சி அரிச்ச ஓரம், நடுவில் வரிசையா அண்ணன் தம்பி நாலு பேர் பேர். மூணாவது பேர் மேல அத்தை விரல் வச்சுக் காட்டியிருந்தாங்க.