பனமலையில் பட்டிக்குக் காவல் யார்?

செஞ்சிக்குத் தெற்கே, அனந்தபுரம் பக்கம் இருக்கிறது பனமலை. பெரிய ஏரி, அதை ஒட்டி ஒரு குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. 'தாளம்' என்றால் பனை, 'கிரி' என்றால் மலை. ஊருக்கும் சாமிக்கும் ஒரே பெயர்தான். உள்ளே ஒரு சிறு சன்னதியில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் வண்ண ஓவியம் இன்றும் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்க்கவே வெளியூர்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். கோயில் தூண்களைக் கல் சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சோறு தண்ணீர் கேட்காத காவல் அது.

மேலிருந்து பார்த்தால் ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டில் மல்லாட்டை, அறுப்பு முடிந்த கழனியில் ஆடுகள். விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துக்கே உரிய சென்னைச் சிவப்புச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் சிறு விவசாயியின் கைமுதல். பள்ளிக்கூடச் செலவு, மருத்துவச் செலவு என்று வந்தால் முதலில் விலைபோவது ஒரு கிடாதான். அதனால், தெருநாய்க் கூட்டம் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்தாலோ, ஆட்டை யாராவது ஓட்டிக்கொண்டு போனாலோ, ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடுகிறது. மறுநாள் காலையில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே யோசனை: "பெரிய நாயா ஒண்ணு வாங்கிக் கட்டிட்டா என்ன?"

வாங்கலாம். ஆனால் எந்த நாய், எந்த வேலைக்கு, எந்த வீட்டுக்கு என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

வேட்டை நாய் வேறு, மந்தை நாய் வேறு

நம் ஊரில் பெரிய நாய் என்றதும் நினைவுக்கு வருவது ராஜபாளையம். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர். குட்டை முடி என்பதால் நம் வெயிலைத் தாங்கும். பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர் பெற்றது. தேனிப் பக்கத்துக் கோம்பை நாயும் அப்படித்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் ஓட்ட நாய்கள். எது ஓடினாலும் துரத்துவது வேட்டை நாயின் ரத்தத்தில் உள்ள குணம். குட்டியிலேயே ஆட்டோடு பழக்காவிட்டால், காவலுக்கு வந்த நாயே ஆட்டைத் துரத்தும்.

மந்தையைக் காப்பதற்கென்றே வளர்த்த இனங்கள் வேறு. துருக்கியின் கங்கால், இமயமலை மேய்ப்பர்களின் மலை நாய்கள் அந்த வகை. ஆப்பிரிக்காவில் நமீபியாவில் சிவிங்கிப்புலிகள் ஆட்டைப் பிடிப்பதும், விவசாயிகள் அவற்றைச் சுடுவதுமாக இருந்தது. 1994 முதல் அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இந்த வகை நாய்க்குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. குட்டி சிறு வயதிலேயே மந்தையோடு வளர்கிறது. பெரிதானதும் ஆடுகளைத் தன் குடும்பமாகவே நினைத்துக் காக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வளர்ப்பு முறையைத்தான். அடர்ந்த முடி உள்ள மலை நாயை விழுப்புரம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை. எட்டு வாரமான நல்ல நாட்டு நாய்க்குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு பட்டியிலேயே வளர்த்து, துரத்தும்போதெல்லாம் அதட்டித் தடுத்தால், பல வீடுகளுக்கு அதுவே போதும்.

வீட்டைக் கேளுங்கள்

கணவனும் மனைவியும் விடிந்தால் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பகல் முழுக்க நாய் சங்கிலியில் கிடக்கும் வீடாக இருந்தால், பெரிய காவல் நாய் வேண்டாம். ஓட வேண்டிய நாயைக் கட்டியே வைத்தால் மூர்க்கம் ஏறும். என்றைக்கோ சங்கிலி அறுந்தால், முதலில் மாட்டுவது பக்கத்து வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க முடியாது. கிராமத்தில் வாசல் வழியாகத்தான் பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் போகிறார்கள். பனமலை போன்ற ஊரில் கோயிலுக்கு வரும் வெளியாட்களும் போகிறார்கள். நாயைக் கவனக்குறைவாக விட்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

தீனியையும் கணக்குப் போடுங்கள். மிஞ்சிய சோறு மட்டும் பெரிய நாய்க்குப் போதாது. முட்டை, தயிர், வேகவைத்த இறைச்சி வேண்டும். இந்தச் செலவு பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு உண்டு.

குட்டி எடுக்கும் முன்

வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டி காவலுக்கு ஆகாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்கள் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. செத்த ஆட்டின் தலையையோ குடலையோ நாய்க்குப் பச்சையாகப் போட்டால், அதிலுள்ள நாடாப்புழு நாயின் குடலில் வளர்கிறது. நாயின் கழிவு பட்ட புல்லை மேயும் ஆட்டுக்கு மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாகும். மற்றொரு வகை நாடாப்புழு மனிதருக்கே ஈரலில் கட்டியை உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் நாயின் எடையைச் சொல்லி நாடாப்புழு மருந்து வாங்கிக் கொடுங்கள். செத்த ஆட்டை ஆழமாகப் புதையுங்கள்.

முதலில் மதில்

வடக்கே செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 1690-ல் முகலாயப் படை முற்றுகையிட்ட அந்தக் கோட்டை, 1698-ல்தான் விழுந்தது. காவல் வீரர்களுக்கு முன்னால் அங்கே மதிலும் உள்ளே தண்ணீரும் இருந்தன. பட்டிக்கும் அதே முறைதான். முதலில் நாய் நுழையாத அளவுக்கு ஆள் உயரக் கம்பி வலை, வலையின் அடியில் தோண்ட முடியாதபடி கல், ஒரு விளக்கு, வீட்டாருக்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் கொட்டகை. இவை இல்லாத இடத்தில் எந்த நாயும் தனியாக ஒரு கூட்டத்தைத் தடுக்க முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் நாய் வேண்டுமா? தினமும் காலையும் மாலையும் அதைக் கையில் பிடித்து நடத்தப்போவது வீட்டில் யார் என்று கேளுங்கள். ஒருவர் பெயர் உடனே வந்தால், குட்டி பார்க்கக் கிளம்பலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அந்தப் பணத்தைக் கம்பி வலைக்குப் போடுங்கள்.