கல்லிடுக்கில் ஒரு களை

இரவு பத்து மணி இருக்கும். பகல் கூட்டம் எப்போதோ படகேறிவிட்டது. ஜப்பானின் நாவோஷிமாத் தீவின் தென்கரைக் குன்றில், பெனெஸ்ஸே ஹவுஸில், தங்கியிருப்பவர்கள் மட்டும் மிச்சம். தடாவோ ஆண்டோ வடிவமைத்து 1992-இல் திறந்த கட்டடம்; அருங்காட்சியகமும் அறைகளும் ஒரே கூரைக்கடியில். குளித்துவிட்டு ஈரத்தலையோடு கலை பார்க்க இறங்கி வரலாம்.

வட்டக் கூடத்தில் ப்ரூஸ் நௌமனின் நியான் எழுத்துகள். வாழ், சாவு என்று முடியும் நூறு வாசகங்கள், ஒவ்வொன்றாக எரிந்து அணைகின்றன. நடுவில் நிற்கும் பெரியவரின் வழுக்கையில் மஞ்சள், சிவப்பு, நீலம் மாறி மாறி விழுகிறது. அவர் அசையவில்லை.

அவருடைய மனைவி இன்னொரு பக்கம், காங்கிரீட் இடுக்கின் முன் குனிந்து நிற்கிறார். இடுக்கில் ஒரு களைச்செடி. நாலைந்து இலை, நூல் போன்ற தண்டு. யோஷிஹிரோ சூதா மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது. இலை நரம்புகூடத் தப்பவில்லை. அந்த அம்மாளின் கை தானாக நீள்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, வேரோடு பிடுங்குகிற பிடி. விரல் கணுக்கள் புடைத்திருக்கின்றன. எத்தனை வருடம் தோட்டத்தில் களை எடுத்த கையோ. இலைக்கு ஓர் அங்குலம் முன்னால் கை நின்றுவிடுகிறது. மெல்லப் பின்வாங்குகிறது.

பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவரும் வந்து பக்கத்தில் குந்தினார். இருவரும் பேசவில்லை. பகல் நெரிசலில் இந்தச் செடி யார் கண்ணிலும் படாது. அதன் முன்னால் கால் மணி நேரம் உட்கார விடுகிற இந்த இரவுதான் இந்த விடுதியின் பெரிய கொடை என்பேன்.

காலையில் கடலோரம் போனேன். சிறு துறைமேடையின் நுனியில் யயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம், கரும்புள்ளிகளோடு. 2021 ஆகஸ்ட் புயலில் கடல் அதை அடித்துப் போயிற்று; மறு வருடம் அக்டோபரில் புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். பின்னால் செத்தோ உள்நாட்டுக் கடல், அலையே இல்லாமல்.

பெரியவர் பூசணியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாள் அதைப் பார்க்கவில்லை. மேடைக்கு ஏறும் இடத்தில், கல்லிடுக்கில், நிஜப் புல் நாலு தாள் முளைத்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இதைத் தொட்டுப் பார்த்தார்.