களவும் கையாடலும்

ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் திருடனுக்கு மூன்று பெயர்கள். தெலுங்கர் 'தொங்க' என்பர். கன்னடர் 'கள்ள' என்பர். தமிழர் 'திருடன்' என்பர். திருக்குறளின் 29ஆம் அதிகாரமான கள்ளாமையை வகுப்பில் தொடங்கும்போது, நாம் உரை சொல்லுமுன்பே கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைப்பு விளங்கிவிடுகிறது. இப்பக்கத் தமிழர்க்கு ஏட்டுச்சொல்லாகிவிட்டது, அவர்கட்கு அடுப்படிச் சொல். ஈழத்திலும் 'கள்ளன்' இன்றளவும் பேச்சு வழக்கே.

சொல்லின் தகுதி செய்பவனைப் பொறுத்தே அமைகிறது. தலைவன் மறைவிற் காதலித்தால் களவு. தொல்காப்பியர் அதற்கோர் இயலே வகுத்தார். வேந்தன் ஏவலால் பகைவர் மாட்டை ஓட்டிவந்தால் ஆநிரை கவர்தல். அதற்கு வெட்சி என்றொரு திணை. அம்மாட்டை மீட்கப்போய் மடிந்தவர்க்கு எடுத்த நடுகற்கள் நம் மாவட்டத்தில் இன்றும் நிற்கின்றன. விடுதி மாணவன் எடுத்தால் 'சுட்டுட்டான்', 'ஆட்டையைப் போட்டுட்டான்' என்று சிரிப்போடு முடிகிறது. அலுவலர் எடுத்தால் 'கையாடல்', 'முறைகேடு'. கூலிக்காரன் எடுத்தால் மட்டுமே அது திருட்டு.

சீன மொழியிலும் இப்படியொரு மேடு பள்ளம் உண்டு. பேச்சில் 'தோ', ஏட்டில் 'ச்சியே', இரண்டும் திருட்டே. லூ சுன் 1919இல் வெளியிட்ட 'கோங் யீஜி' கதையில், நூல் திருடி அகப்பட்ட ஏழைப் படிப்பாளி ஏட்டுச்சொல்லைச் சொல்லித் தன் செயலுக்குக் கௌரவம் தேடுகிறான். மதுக்கடையே நகைக்கிறது. நம்மூரில் 'கையாடல்' என்றால் எவரும் நகைப்பதில்லை.

2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, கர்நாடகத்தின் ஹாசன் பக்கம் தோட்டத்திலேயே காய்கள் களவுபோயின. பறித்தவர்க்கு நாளேடுகள் இட்ட பெயர் திருடர். அதில் பிழையில்லை; பறிகொடுத்தவர் உழவர். ஆனால் 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். பொதுவான திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் திருப்பித் தந்துவிட்டால் சமூகப் பணியே தண்டனை. நம்பி ஒப்படைத்த பணத்தை அரசு ஊழியர் கையாடினாலோ ஆயுள் தண்டனை வரை போகலாம்.

சட்டம் பெருங்குற்றமாய் எடையிட்டதை நம் நாக்கு மென்சொல்லால் மூடுகிறது. உள்ளத்தால் நினைப்பதும் தீதென்ற வள்ளுவர் ஏழைக்கொரு சொல், அதிகாரிக்கொரு சொல் வைக்கவில்லை. தேர்வுத்தாளில் ஒரு மாணவி 'கையாடல்' என்பதற்குப் பொருளாகத் 'திருட்டு' என்றே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் இட்டோம்.