மரதன் ஓட்டம்: முதலாவது கிலோமீற்றரைப் பொறுமையாக ஓடுவோம்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்பே அநேகமான பாடசாலைகளில் மரதன் ஓட்டம் நடந்து முடிந்துவிடும். பிள்ளைகளை அதற்குத் தயார்படுத்தும் ஆசிரியர்கள் என்ற வகையில் பெற்றோரிடமும், பழைய மாணவர்களிடமும், வீதியோரம் நின்று கைதட்டும் ஊர் மக்களிடமும் நாங்கள் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. மரதன் ஓடும் பிள்ளை உள்ள வீட்டார் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

விசில் ஊதியதும் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நூறு மீற்றர் ஓட்டம் போல எல்லாப் பிள்ளைகளும் பாய்வார்கள். கேற்றடியில் கூட்டம். மோட்டார் சைக்கிளில் பக்கத்திலேயே வரும் நானாமார் "விடாத, முந்து, முந்து" என்று சத்தம் போடுவார்கள். இரண்டாவது கிலோமீற்றர் வரும்போது முன்னுக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். ஒரு பிள்ளை முதலாவது கிலோமீற்றரை 3 நிமிடம் 40 செக்கனில் ஓடுகிறது. மூச்சு வாங்குகிறது. அடுத்தது 4.40, பிறகு 5.30, 6.10, கடைசி 6.00. மொத்தம் 26 நிமிடம். இன்னொரு பிள்ளை ஒவ்வொரு கிலோமீற்றரையும் 5 நிமிடமாக ஓடுகிறது. மொத்தம் 25 நிமிடம். முதலாவது கிலோமீற்றரில் 80 செக்கன் பின்னுக்கு நின்ற பிள்ளை ஒரு நிமிடம் முன்னுக்கு வந்து முடிக்கிறது. இரண்டாவது பிள்ளையிடம் கூடுதல் பலம் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. இருந்த பலத்தை ஐந்தாகப் பங்கிட்டது, அவ்வளவுதான்.

உலகத்தின் மிகச் சிறந்த ஓட்ட வீரர்களுக்கும் இதே கணக்குத்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 2022 இல் பேர்லினில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59 நிமிடம் 51 செக்கனில் ஓடினார். இரண்டாவது பாதிக்கு 61 நிமிடம் 18 செக்கன் எடுத்தது. மொத்தம் 2 மணி 1 நிமிடம் 9 செக்கன், அன்று அது உலக சாதனை. அடுத்த வருடம் சிக்காகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60 நிமிடம் 48 செக்கனில் ஓடினார். அதாவது பாதி வழியில் கிப்சோகேயை விட 57 செக்கன் தாமதம். ஆனால் இரண்டாவது பாதியை 59 நிமிடம் 47 செக்கனில் முடித்து, 2 மணி 35 செக்கனில் அந்தச் சாதனையை 34 செக்கனால் முறியடித்தார். இரண்டு நகரம், இரண்டு காலநிலை என்பதால் அப்படியே ஒப்பிட முடியாதுதான். என்றாலும் பாதி வழியில் யார் முன்னுக்கு என்பது முடிவைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

ஏன் இப்படி? எங்கள் உடம்பில் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பும் எரிபொருள்தான், ஆனால் அது மெதுவாகத்தான் சக்தி தரும். வேகம் கூடக்கூட உடம்பு கிளைக்கோஜனையே அதிகமாக எரிக்கும். முழு மரதனில் ஆரம்பத்திலேயே வேகமாகப் போனவர்களுக்கு 30 கிலோமீற்றர் தாண்டும்போது கால் ஈயம் போலக் கனப்பது இதனால்தான்.

பாடசாலை மரதன் குறுகியது. அதில் கிளைக்கோஜன் தீர்ந்துபோகும் அளவுக்கு நேரம் இல்லை. அங்கே பிள்ளையை வீழ்த்துவது மூச்சும் சூடும். தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி ஓடும்போது தசைகளுக்குத் தேவையான அளவு ஒட்சிசனை இரத்தத்தால் கொடுக்க முடியாமல் போகிறது. அந்தக் கடனை ஓடிக்கொண்டே அடைக்க முடியாது. வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

"ஆரம்பத்திலேயே வேகமாக ஓடி வென்றவர்களும் இருக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் கென்யாவின் சாமுவேல் வஞ்சிரு வெயிலையும் பொருட்படுத்தாமல் தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் கூட்டி, மற்றவர்களைக் களைக்க வைத்து, 2 மணி 6 நிமிடம் 32 செக்கனில் ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். அது ஒரு தந்திரம். ஆனால் அந்த வேகத்தை வருடக் கணக்கில் பயிற்சி செய்த உடம்புக்குத்தான் அது பொருந்தும். அன்று அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். இன்னொருவரின் வேகத்தில் ஓடுவது எவ்வளவு விலை கொண்டது என்பதையும் அதே ஓட்டம்தான் காட்டியது.

பிள்ளைகளுக்குப் பொருந்தும் தந்திரங்கள் வேறு. தன்னளவு வேகம் உள்ள ஒரு சின்னக் கூட்டத்தோடு சேர்ந்து ஓடலாம். கடற்கரை வீதியில் எதிர்க்காற்று அடித்தால் ஒருவருக்குப் பின்னால் நின்று ஓடுவது பலத்தை மிச்சப்படுத்தும். முந்துவதென்றால் ஒரே பாய்ச்சலில் முந்தாமல் முன்னால் போகும் ஒவ்வொருவராகப் பிடிக்கலாம். கடைசிக் கிலோமீற்றரில்தான் மிச்சம் இருப்பதைக் கொட்ட வேண்டும். பெரிய நகர மரதன்களின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள், சராசரியாகப் பெண்களே ஆண்களை விட வேகத்தைச் சீராகப் பேணுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்!

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமான விடயம் வெயில்.

2019 இல் கட்டாரின் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. சூட்டுக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் ஆரம்பித்தார்கள். அப்போதும் வெப்பநிலை 30 பாகைக்கு மேல், காற்றில் ஈரப்பதனும் அதிகம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. வென்ற கென்ய வீராங்கனைக்கு 2 மணி 32 நிமிடம் 43 செக்கன் எடுத்தது. அதே வருடம் டுபாயில் அவர் ஓடியதை விட அது 15 நிமிடத்துக்கு மேல் அதிகம். அவர் வேகத்தைக் குறைத்து ஓடியதால்தான் வென்றார்.

சூடும் ஈரக் காற்றும் எங்கள் கரையோரத்துக்குப் புதிதல்ல. ஈரமான காற்றில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. உலக வீராங்கனைகளே விழுந்த இடத்தில், காலைச் சாப்பாடு இல்லாமல் ஒன்பது மணி வெயிலில் ஓடவரும் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எங்கள் மாகாணத்தில் பாடசாலை மரதனுக்குப் போன ஒரு மாணவன் வீடு திரும்பாத துயரத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மரணத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்கள். ஆனால் தவிர்க்கக்கூடிய ஆபத்துகளைத் தவிர்ப்பது நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை:

1. சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்த உடனே ஓட்டத்தை ஆரம்பிக்க ஒத்துழையுங்கள். அதிதிக்காகவோ பேண்ட் வாத்தியத்துக்காகவோ பிள்ளைகளை வெயிலில் காக்க வைக்க வேண்டாம்.

2. ஓட்டத்துக்கு முன் சில வாரங்கள் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சியில் பக்கத்துப் பிள்ளையோடு ஓரிரு வார்த்தை பேசிக்கொண்டு ஓட முடிந்தால் அந்த வேகம் சரி. பேசவே முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது.

3. காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வருத்தம், ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிலோமீற்றரிலும் தண்ணீரோடும் மணிக்கூட்டோடும் நில்லுங்கள். "முந்து" என்பதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு நேரத்தைச் சொல்லுங்கள்.

5. பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், வெயிலிலும் குளிர்கிறது என்று சொன்னால் ஓட்டத்தை அதோடு நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 1990 அம்பியூலன்ஸை உடனே அழையுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. கடைசியாக வரும் பிள்ளைக்கும் கைதட்டுங்கள். எந்த இல்லமாக இருந்தாலும் பரவாயில்லை. தன் பலத்தை அளந்து, நடக்காமல், விழாமல் ஓடி முடித்த பிள்ளை வெட்கப்பட எதுவும் இல்லை. நடுவில் நிறுத்திக்கொண்ட பிள்ளையையும் யாரும் பகிடி பண்ண வேண்டாம். தன்னால் முடியாது என்று உணர்ந்து நிற்பதற்கும் தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் சில வேளை உயிரையே காப்பாற்றும்.

உங்கள் ஊர்ப் பாடசாலையில் மரதன் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, வழியில் எத்தனை இடத்தில் தண்ணீர் வைக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். நல்ல ஏற்பாடு எங்கே இருந்தாலும் மற்றவர்களும் பார்த்துச் செய்யலாம்.